‘தூக்கு’ என்றால் என்ன?

பூத்தர்கோட், மோகா
நவம்பர் 19

தேஜி,

என் போன் செத்துவிட்டது. தானாகச் சாகவில்லை. உன் அத்தான் அதை மாட்டுத் தொட்டியின் விளிம்பில் வைத்துச் செங்கல்லால் அடித்தார். அடிக்கும்போதும் அதற்குள் நீ பாடிக்கொண்டுதான் இருந்தாய். மூன்றாவது அடியில்தான் உன் வாய் அடங்கியது. அதனால்தான் பள்ளிக்கூடத்தோடு விட்ட பேனாவை இப்போது கையில் எடுத்திருக்கிறேன்.

நேற்று மெஹரின் பள்ளியில் ஆண்டு விழா. சாச்சாதான் தலைமை. அப்பன் இல்லாத உன் அத்தான் ஜக்தாரை வளர்த்து ஆளாக்கிய சித்தப்பா, நாற்பது கிராமத்துக் கபடி ஆட்டக்காரர்களும் அசைக்க முடியாத அஜைப் சிங், முதல் வரிசையில் மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உன் ‘மில்னி’ பாட்டுக்கு ஆடினார்கள். என் மகள் மெஹர் நடுவில். கட்டிப்பிடி, தூக்கு, உலுக்கு, எதிராளியின் தலைக்கு மேலே கையை வீசு. அப்புறம் உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துத் தடவிக்கொண்டு திருதிருவென்று முழி. சாச்சாவும் கைதட்டினார். மூன்றாவது தடவை அந்தத் தடவலைப் பார்த்ததும் அவர் கை நின்றது. எழுந்து போய்விட்டார்.

உலகத்துக்கு அது ஆட்டம். எனக்கும் சாச்சாவுக்கும் அது என் கல்யாண வாசல். இரண்டு வீட்டு ஆண்களும் மாலை போட்டுக் கட்டிக்கொண்டு, யார் யாரைத் தூக்குகிறார்கள் என்று பார்ப்பது எல்லா மில்னியிலும் உள்ள வேடிக்கைதான். உன் வயதுக்காரன் ஒருவனைத் தூக்கிவிட்டு நீ நகர்ந்திருக்கலாம். உன் சிநேகிதர்கள் ‘தூக்கு, தூக்கு’ என்று கத்தினார்கள் என்று போய்ச் சாச்சாவைத் தூக்கினாய். தலைப்பாகை கழன்று உருண்டது. அவர் தலை மொட்டை வழுக்கை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அவர் ஒன்றும் புரியாமல் உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்தார். இருநூறு பேர் சிரித்தார்கள். நம் அப்பா தன் பாகையைக் கழற்றி அவர் காலடியில் வைத்த பிறகுதான் மாப்பிள்ளை ஊர்வலம் உள்ளே வந்தது.

அந்தக் கையைத்தான் நீ ஆட்டமாக்கி ஊர் உலகத்துக்கெல்லாம் விற்றிருக்கிறாய். வீடியோவை எடுத்துவிடு. முடியாதென்றால் அந்தத் தடவலையாவது வெட்டு. இந்த வீட்டு ஆண்களை உனக்குத் தெரியாது, எட்டு வருடமாக அவர்களுக்குச் சோறு போடும் எனக்குத் தெரியும். பதிலைக் கடைத்தெருவில் நசீப்பின் தையல் கடைக்கு அனுப்பு. அவள் போனுக்குக் கூப்பிடாதே. உன் அத்தானின் ஆட்கள் அவள் கடை வாசலில்தான் டீ குடிக்கிறார்கள்.

அக்கா சத்வீர்

*

சர்ரே, கனடா
டிசம்பர் 11

அக்கா,

கடிதமா! என் மேனேஜர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்கிறான்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுபது கோடி தடவை பார்த்துவிட்டார்கள். பிரேசிலில் ஒருவன் கோல் போட்டுவிட்டு, எதிரணி கோல்கீப்பரைத் தூக்கி உலுக்கினான். கொரியாவில் போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் தொப்பியைத் தட்டிவிட்டு ஆடுகிறார்கள். நைஜீரியாவில் ஒரு கல்யாணத்தில் சம்பந்திகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தூக்கப் போய்க் கேக் மேலேயே விழுந்தார்கள். பஞ்சாபி ஒரு சொல் தெரியாது, ‘தூக்கு’ என்பது மட்டும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. நம் ஊர் ரத்தியான்வாலாவில் எருமை மேய்த்தவனின் பாட்டு, அக்கா! நீ ஒருத்தி ‘என் தம்பி’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

வீடியோ கம்பெனியுடையது. நான் அழுதாலும் எடுக்கமாட்டார்கள். அந்த ஸ்டெப்பும் நான் போட்டதில்லை. டான்ஸ் சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் உன் கல்யாணக் கதையைச் சிரிப்புக்காகச் சொன்னேன். அவள் உடனே எழுந்து ஆடிக்காட்டிவிட்டாள். அதில் சாச்சாவின் பெயர் இருக்கிறதா, முகம் இருக்கிறதா? யாருக்கும் தெரியாத முள்ளை நீயே எடுத்து ஊருக்குக் காட்டாதே.

இங்கே ஒரு பத்திரிகைக்காரி ‘தூக்கு என்றால் என்ன?’ என்று கேட்டாள். ‘எங்கள் ஊரில் கல்யாணத்திலும் ஆளைத் தூக்குவோம், பகையிலும் ஆளைத் தூக்குவோம். முதல் ஆள் சிரித்துக்கொண்டே கீழே இறங்குவான், இரண்டாவது ஆள் இறங்கவே மாட்டான்’ என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச்சில் லூதியானாவில் கச்சேரி. அப்போது உன் வீட்டுக்கு வந்து சாச்சாவின் காலைத் தொட்டு எல்லாவற்றையும் சரிசெய்கிறேன். அத்தானுக்குக் கோபம் வந்தால் செங்கல்லை ஒளித்து வை.

தேஜி

*

பூத்தர்கோட்
ஜனவரி 8

தேஜி,

பெயர் இல்லை, முகம் இல்லை என்று எழுதினாய். அந்தக் கடிதம் வருவதற்குள் ஊரையும் ஆளையும் நீயே காட்டிக்கொடுத்துவிட்டாய். இரண்டு மணி நேரப் பேட்டி. நசீப்பின் போனில் நானும் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ‘இது நிஜக் கதை பாய், எங்க அக்கா கல்யாணத்துல நடந்தது, பூத்தர்கோட் பெருசு ஒண்ணு’ என்று சொல்லிவிட்டு, எழுந்து நின்று தலையைத் தடவியும் காட்டுகிறாய். உனக்கு வாய் எதற்கு இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை சாச்சா யூரியா வாங்க மோகாவுக்குப் போனார். உரக்கடை வாசலில் நாலு பேர் காத்திருந்திருக்கிறார்கள். ஒருத்தன் போனைப் பிடிக்க, ஒருத்தன் பின்னாலிருந்து அவரைத் தூக்கி உலுக்கியிருக்கிறான். பாகை சாக்கடையில் விழுந்தது. மூன்றாமவன் அவர் வழுக்கையைத் தடவினான். ‘ஒரிஜினல் பெருசு கெடைச்சிடுச்சுடா!’ என்று கத்துவது அதில் தெளிவாகக் கேட்கிறது. எழுபத்திரண்டு வயது மனுஷன். அவர் கத்தவில்லை. சாக்கடையிலிருந்து பாகையை எடுத்து, ஈரத்தோடு தலையில் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தார். இப்போது மோட்டார் கொட்டகையில் படுத்திருக்கிறார். சாப்பாட்டைக்கூட வாசலில் வைத்துவிட்டு நான் திரும்பிக்கொள்ள வேண்டும். யார் முன்னாலும் தலையைக் காட்டமாட்டேன் என்கிறார்.

தடவினவன் உரக்கடைக்காரர் மகன். மறுநாள் ஜக்தார் கடைக்குள் புகுந்து, டிராக்டர் கொக்கியின் இரும்புக் கம்பியால் அவன் இரண்டு முட்டியையும் உடைத்தார். ஒன்று உடைந்த பிறகு அவன் கும்பிட்டானாம். கும்பிட்ட பிறகுதான் இரண்டாவதை உடைத்தாராம். முழங்கை வரை ரத்தத்தோடு வந்து வாசலில் நின்று, “தண்ணி ஊத்து” என்றார்.

ஊற்றினேன். “அந்தப் பையன் நடப்பானா?” என்று கேட்டேன்.

“ஒன் தம்பி பாட்டுக்கு ஆடமாட்டான்” என்றார்.

“எந் தம்பிய என்ன செய்யப் போறீங்க?”

அதற்கு அதே ஈரக் கையால் என் வாயில் அடித்தார். முன் பல் ஆடுகிறது. எட்டு வருடத்தில் என்னைத் தொட்டு அடித்தது இதுதான் முதல் தடவை. அதையும் உன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன். மார்ச்சில் வராதே. இந்தப் பக்கம் கால் வைக்காதே.

சத்வீர்

*

சர்ரே
ஜனவரி 30

அக்கா,

உன்னை அடித்தவன் கையை முறிக்க எனக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் குறுக்கே கிடக்கிறது. அதுதான் அவன் அதிர்ஷ்டம்.

புதன்கிழமை என் வீட்டைச் சுட்டுவிட்டார்கள். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் பட்டாசு என்று நினைத்தேன். கதவில் ஓட்டை, காரில் ஓட்டை. டீப்பாத்திரத்துக்கு மேலே சுவரில் ஒன்று. நான் கரண்டி எடுக்கக் குனியாமல் இருந்திருந்தால் என் கழுத்தில். கீழே படுத்துக்கொண்டேன். அப்படியே நனைத்துக்கொண்டேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். வெளியே காரில் என் பாட்டையே சத்தமாக வைத்துக்கொண்டு போனார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

சாயங்காலம் எவனோ இணையத்தில் எழுதுகிறான்: ‘பூத்தர்கோட் பெரியவரின் பாகைக்காக இது எங்கள் பரிசு.’ உன் புருஷன் கை அவ்வளவு நீளமா? டிராக்டர் கடன் அடைக்க முடியாதவனுக்குச் சர்ரேயில் ஆள் எங்கிருந்து வந்தது? அவனைக் கேள்.

லூதியானாக் கச்சேரியை ரத்துசெய்துவிட்டார்கள். போலீஸ் என்னை இடம் மாற்றியிருக்கிறது. போனில் பேசாதே என்கிறார்கள். கடிதத்தை மேனேஜர் விலாசத்துக்கு அனுப்பு. நீ மெஹரைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விடு. அந்த வீட்டில் உனக்கு இனி என்ன இருக்கிறது? நான் பயந்துவிட்டேன் என்று அவன் நினைக்க வேண்டாம். பயந்தவன் பாட்டை நிறுத்துவான். நான் இன்றைக்கும் ரெக்கார்டிங்குக்குப் போனேன்.

தேஜி

*

பூத்தர்கோட்
பிப்ரவரி 19

தேஜி,

உன்னைச் சுட்டவனை ஜக்தாருக்குத் தெரியாது. யாரோ ஒரு கூட்டம் தன் பெயரை உலகத்துக்குக் காட்ட எங்கள் வீட்டுப் பாகையை எடுத்துக்கொண்டது, நீ எடுத்துக்கொண்ட மாதிரி. அவர் செய்த முட்டாள்தனம் வேறு. ஊரில் நாலு பேர் முதுகில் தட்டி, “கனடா வரைக்கும் ஆள் வெச்சிருக்கியேப்பா” என்றபோது, இல்லை என்று சொல்லாமல் லட்டு வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதமாக அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் முதல் தடவையாகச் சலாம் வைத்தார்கள். அந்தப் போதை அவர் தலைக்கு ஏறிவிட்டது.

ஏறிய போதை அவரை நம் ஊருக்கு இழுத்துக்கொண்டு போனது. அப்பா குருத்வாராவிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். ஜக்தார் அவர் கழுத்தில் போட மாலையே வாங்கிப் போயிருக்கிறார். “மாமா, நம்ம மில்னிய ஒங்க மகன் பாதியிலயே விட்டுட்டான். வாங்க, முடிச்சிடுவோம்” என்று சொல்லி மாலை போட்டு, கட்டிப்பிடித்து, தோளுக்கு மேலே தூக்கி, படிக்கட்டில் போட்டார். இடுப்பு எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது. உடன் போனவன் படம் எடுத்தான். நம் ஊர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தன் கை நீளவில்லை.

நான் ஃபரீத்கோட் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்பா என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “நீ அந்த வீட்டுக்காரி, போ” என்றார். ஒரு பக்கம் நான் பிறந்த வீடு, ஒரு பக்கம் வாழ்கிற வீடு, நடுவில் கிடந்து மிதிபடுவது நான். அதை யாராவது பாடுவீர்களா?

நேற்று ஜக்தார் சாப்பிட உட்கார்ந்தபோது அரிவாள்மணையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். “எங்க அப்பாவ இன்னொரு தடவ தொட்டா, நீங்க தூங்குறப்போ கழுத்த அறுப்பேன். சாச்சா சாட்சியா சொல்றேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ரொட்டியையும் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தெரியும், அந்த மனுஷன் குனிந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

அதனால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரு கிழவருக்கு ஒரு கிழவர் ஆகிவிட்டது. இதோடு நிற்கட்டும். நீ ஒன்றும் செய்யாதே, பாடாதே, பேசாதே. என் புருஷனை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

சத்வீர்

*

சர்ரே
மார்ச் 9

அக்கா,

அப்பா விழுவதைப் பார்த்தேன். எவனோ அதன் மேல் என் பாட்டைப் போட்டிருக்கிறான். நான் ‘தூக்கு’ என்று பாடும் இடத்தில் அவர் மேலே போகிறார். தாளம் விழும் இடத்தில் அவர் படிக்கட்டில் விழுகிறார். கச்சிதமாகப் பொருந்துகிறது, அக்கா. கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள். இந்தோனேசியாவிலிருந்து ஒருத்தி ‘இது எந்தப் படம்?’ என்று கேட்டிருக்கிறாள்.

நீ ஒன்றும் செய்யாதே என்கிறாய். நீ அவன் மனைவி, சொல்வாய். நான் அப்பாவின் மகன்.

மோகாவில் கோராவுக்கும் லக்காவுக்கும் குரல் செய்தி அனுப்பிவிட்டேன். உன் கல்யாணத்தில் என்னை உசுப்பிவிட்டார்களே, அதே பயல்கள்தான். ஜக்தாரை ஒரு தடவை தூக்குங்கடா என்றேன். சந்தையின் நடுவில், கூட்டம் பார்க்க, பாகை உருளட்டும், படம் எடுத்துப் போடுங்கள். அவ்வளவுதான். ஒரு ரோமம்கூட உதிராது. அவன் அப்பாவுக்குச் செய்ததில் பாதிகூட இல்லை. அதன் பிறகு நான் வாயைத் திறக்கமாட்டேன், சத்தியம்.

நீ கோபப்படுவாய். இரண்டு நாள் பேசமாட்டாய். அப்புறம் சரியாகிவிடும்.

தேஜி

*

பூத்தர்கோட்
மார்ச் 10

தேஜிக் கண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் சொன்னதைக் கேட்டு அமைதியாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நல்ல பிள்ளை.

நல்ல செய்தி ஒன்று. சாச்சா மோட்டார் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டார். யாரோ அப்பா விழுந்த படத்தை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். நேராக முற்றத்துக்கு வந்து ஜக்தாரின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அந்தக் கிழட்டுக் கையில் இன்னும் கபடி இருக்கிறது. ஜக்தார் கட்டிலோடு சாய்ந்தார்.

“எந் தலையக் காப்பாத்த எவன்டா ஒன்ன இன்னொரு கெழவன் தலையில கை வைக்கச் சொன்னான்? அந்த மனுஷன் எங் காலடியில பாகைய வெச்சவன். அன்னிக்கே எல்லாம் தீந்துபோச்சு. நீ போ. அவர் கட்டில் காலுல ஒம் பாகைய வெச்சுட்டு வா. வெக்காம இந்த வீட்டுக்குள்ள வராத.”

ஜக்தார் குழந்தை மாதிரி அழுதார். கல்யாணமானதிலிருந்து நான் பார்க்காத அழுகை. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஜக்தார் அங்கே போகிறார், தனியாக. கூட ஆள் வந்தால் சண்டைக்கு வந்ததாக ஊர் நினைக்கும் என்று நானே வேண்டாம் என்றேன். இடுப்பில் வைத்திருக்கும் பிஸ்டலையும் நானே வாங்கி அரிசி டிரம்மில் போட்டுவிட்டேன். அப்பாவுக்குப் பிடித்த பர்ஃபி ஒரு கிலோ சொல்லியிருக்கிறேன்.

அப்பா திட்டட்டும், துப்பட்டும், கையில் கிடைத்ததை எறியட்டும். ஞாயிறு முடிந்தால் உனக்கு நல்ல கடிதம் ஒன்று எழுதுகிறேன். மெஹர் உன்னைக் கேட்கிறாள். இப்போதும் ஒளிந்துகொண்டு ஆடுகிறாள், கழுதை.

அக்கா

*

சர்ரே
ஏப்ரல் 1

அக்கா,

எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நசீப்பின் போனுக்கு அடித்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள்.

உன் கடிதமும் என் கடிதமும் நடுவழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. அத்தான் தனியாகப் போகிறார், மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் தூக்கு என்றுதான் சொன்னேன். சந்தையில் என்றேன், படம் எடு என்றேன். என் கடிதத்தில் இருக்கிறதே! ஆனால் குரல் செய்தியில் அதெல்லாம் இல்லை. கோபத்தில் ‘ஜக்தாரைத் தூக்குங்கடா’ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மீதி அவர்களுக்கே புரியும் என்று நினைத்தேன். என்னோடு வளர்ந்தவர்கள்தானே. கோரா இப்போது யாரோடு சுற்றுகிறான், அந்தக் கூட்டத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதை நான் யோசிக்கவில்லை. வேலை முடிந்ததும் அவன் எனக்கு அனுப்பியது இதுதான்: ‘தூக்கியாச்சு பாய். சந்தோஷமா?’ நான் பதிலுக்குச் சிரிப்புப் பொம்மை அனுப்பினேன், அக்கா. சந்தையில் பாகை உருண்டதாக நினைத்து அனுப்பினேன்.

அதுவும் இப்போது போலீஸ் கையில். என்னை அங்கே அனுப்பச் சொல்லிப் பஞ்சாபிலிருந்து எழுதியிருக்கிறார்களாம். வக்கீல் சொல்கிறார், எல்லாம் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது என்று. நான் எதை நினைத்துச் சொன்னேன் என்று செத்தவரின் மனைவியே சொன்னால் அதற்கு மேல் சாட்சி இல்லையாம். என் பேச்சு உனக்குத் தெரியும். நீதான் எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தாய். இன்ஸ்பெக்டரிடம் சொல். சாச்சாவிடமும் சொல். உன்னைக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பாட்டு மறுபடியும் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. கொலை நடந்த வாரத்தில் இரட்டிப்பு. கம்பெனிக்காரன் பூச்செண்டு அனுப்பினான். நான் அதை வாசலிலேயே விட்டுவிட்டேன்.

தேஜி

*

பூத்தர்கோட்
ஏப்ரல் 22

தேஜி,

நீ படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இடையில் நிறுத்தாதே.

கால்வாய்க்கரையில் ஜக்தாரின் பைக்குக்குக் குறுக்கே காரை நிறுத்தியிருக்கிறார்கள். கோராவை அவருக்குத் தெரியும், உன் சிநேகிதன் என்று நினைத்து இறங்கியிருக்கிறார். “என்னப்பா, மாமா வீட்டுக்குத்தான் போறேன்” என்று பர்ஃபிப் பெட்டியைத் திறந்து நீட்டினாராம். லக்காவே போலீசில் சொன்னது. கோரா ஒரு துண்டு எடுத்துத் தின்றிருக்கிறான். அப்புறம் அரிவாளை எடுத்திருக்கிறான். தடுத்த கையில் விரல்கள் போயின. ஓடினார். வயலுக்குள் விழுந்தவரை முகத்திலும் கழுத்திலும் வெட்டினார்கள். கதிர் விட்டு நின்ற கோதுமை கால் ஏக்கர் சிவப்பாகக் கிடந்தது. பிறகு கோரா நெஞ்சில் சுட்டான், செத்தவரை. நான் போனபோது பாகை மட்டும் தலையில் அப்படியே இருந்தது. அன்றைக்கு நான்தான் ஒரு முனையைப் பிடித்துக் கட்டிவிட்டேன். முகம் இல்லை. கட்டு கலையவில்லை.

பிஸ்டலை வாங்கி வைத்தவள் நான். தனியாகப் போங்கள் என்றவள் நான். உன் கடிதம் அவர் எரிந்த பிறகு வந்தது. ‘ஒரு ரோமம்கூட உதிராது.’

இன்ஸ்பெக்டர் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உன் குரலைப் போட்டுக் காட்டினார். ‘ஜக்தாரைத் தூக்குங்கடா.’ மறுபடியும் போட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு கான்ஸ்டபிளின் போன் அடித்தது. உன் பாட்டு. அதே சொல். அவன் பதறிப்போய் அமுக்கினான்.

“இதுக்கு என்னம்மா அர்த்தம்? ஒங்க தம்பிதானே, நீங்களே சொல்லுங்க” என்றார்.

“மில்னியில தூக்குற தூக்குங்கய்யா. பாகையத் தட்டிவிடச் சொல்லியிருக்கான். கொல்லச் சொல்ற அளவுக்கு அவனுக்கு நெஞ்சு கெடையாது. சின்ன வயசுலேருந்தே வேடிக்கைதான் தெரியும்” என்றேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். உன் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். சட்டம் உன்னை விட்டுவிடும். உன்னை நம்புகிறேன், தேஜி. நீ கொல்லச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. பகைத்துக் கொன்றிருந்தால் உன்னைச் சபித்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் சாச்சா கேட்டார். முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். மோகாவிலிருந்து அவருடைய பழைய கபடிக் கூட்டத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தன் மகன் கனடாவில் லாரி ஓட்டுகிறான்.

“சத்வீர், நீ சொல்றதுதான் எனக்குக் கடைசி. ஒந் தம்பி எதுக்காகச் சொன்னான்? வேடிக்கைக்கா, பகைக்கா?”

அவர் கண்ணைப் பார்த்தேன். வேடிக்கைக்கு என்று சொன்னால் நீ பிழைத்தாய். ஆனால் தேஜி, என் கல்யாணத்தில் அவரை வைத்துச் சிரித்தாய், உலகத்தைச் சிரிக்க வைத்தாய். இப்போது அவர் வளர்த்த பிள்ளை செத்ததும் ஒரு வேடிக்கைக்குத்தான், ஒரு சொல் தவறியதற்குத்தான் என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வேன்? மெஹர் வளர்ந்து, ‘அப்பா எதுக்கும்மா செத்தாரு?’ என்று கேட்டால், ஒரு சிரிப்புக்கு என்று சொல்வேனா? ஜக்தார் நல்லவர் இல்லை. முட்டி உடைத்தவர், என் பல்லை ஆட்டியவர், என் அப்பாவைப் படிக்கட்டில் போட்டவர். ஆனால் மன்னிப்புக் கேட்கப் போன வழியில் செத்தவர். அவர் சாவுக்காவது ஒரு மரியாதை வேண்டும்.

“பகைக்குத்தான் சாச்சா” என்றேன்.

அவர் தலையாட்டினார். “அப்ப என் பையன் ஆம்பளயாத்தான் செத்திருக்கான்” என்றார். நிமிர்ந்து நின்றார். நவம்பரிலிருந்து அவர் அப்படி நின்று நான் பார்க்கவில்லை. பிறகு பிள்ளைகளைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். அது என்ன சொல் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தை அவர்களுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். வீட்டை மறுபடியும் மாற்று. பெயரை மாற்று. மேடை ஏறாதே. லாரி ஓட்டுகிற எவனோடும் கைகுலுக்காதே, கட்டிப்பிடிக்க வந்தால் ஓடு. பஞ்சாப் மண்ணை மட்டும் மிதிக்கவே மிதிக்காதே. அப்பா இந்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்கிறார். நீ வருவாய் என்று அவர்கள் அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்குக் கொள்ளி நான் வைத்துக்கொள்கிறேன். நீ வராதே.

சத்வீர்